மரப்பெட்டியில் இ.எல். 84 வால்வு ஆம்ப்: மேல்தட்டும் மரமாகவே இருக்கலாமா?

இரணியல்_இசை:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். சிங்கிள் எண்டட், அதாவது சேனலுக்கு ஒற்றைப் பவர் வால்வு வைத்த ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று கட்டத் திட்டம். ஸ்பீக்கரை ஓட்டச் சேனலுக்கு ஒரு இ.எல். 84 வால்வு, சிக்னலைப் பெருக்க முன்னால் இரண்டு சேனலுக்கும் பொதுவாக ஒரு இ.சி.சி. 83 வால்வு. ஏ.சி.யை டி.சி.யாக்க டையோடு பிரிட்ஜ், அதைச் சீராக்கச் சோக் (இரும்பில் சுற்றிய காயில்), கேத்தோடில் ரெசிஸ்டர் வைத்த பயாஸ் என்று எல்லாம் வழக்கமான சர்க்யூட்தான். பெட்டி மட்டும் முழுக்க அயினிப் பலகை, 18 மி.மீ. கனம், 380க்கு 250 மி.மீ. அளவு. மேல்பலகையிலேயே சாக்கெட்டுக்கு ஓட்டை போட்டு, அடியில் பித்தளைத் திருகாணி இறக்கி, அதிலேயே பாகங்களைப் பற்றவைக்கலாம் என்று யோசனை. தகரமோ அலுமினியமோ கண்ணில் படக் கூடாது. இதில் என்ன சிக்கல் வரும்? ரப்பர் மரப் பலகை மலிவாகக் கிடைக்கிறது, அது தேறுமா?

வடசேரி_வால்வு:
தம்பி, சுற்றுச்சட்டம் மரமாக இருக்கட்டும். வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் உட்காரும் தட்டு உலோகமாகத்தான் இருக்க வேண்டும். அழகு பார்த்துச் சொல்லவில்லை.

பித்தளைத் திருகாணி யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். நம்ம குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, பலகை ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். இ.எல். 84இன் கிரிட்டுக்கும் (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) கிரவுண்டுக்கும் நடுவே 470 கே ரெசிஸ்டர் போடுவீர்கள். பக்கத்துத் திருகாணியில் 250 வோல்ட் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே மரத்தின் தடை 250 மெகா ஓமாக இறங்கினால் போதும், 1 மைக்ரோ ஆம்பியர் கசிந்து கிரிட்டில் அரை வோல்ட் பாசிட்டிவாக ஏறிவிடும். கிரிட்டைக் கேத்தோடைவிட நெகட்டிவாக நிறுத்தும் பயாஸே மொத்தம் 7 வோல்ட் சொச்சம்தான். ஐப்பசி மழையில் இது இன்னும் மோசமாகும். கரண்ட் ஏறும், பிளேட் சிவக்கும், வால்வு போகும். கோடையில் திறந்து பார்த்தால் எல்லா ரீடிங்கும் சரியாக இருக்கும், கோளாறு கைக்குச் சிக்காது.

அடுத்தது சூடு. ஒரு இ.எல். 84 பிளேட்டில் 11 வாட், ஹீட்டரில் 4.8 வாட், ஸ்கிரீனில் 1 வாட் சொச்சம். ஆக 17 வாட் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள். 18 மி.மீ. பலகையில் சாக்கெட்டை அடியிலிருந்து பொருத்தினால் வால்வின் அடிப்பாகம் மரக்குழிக்குள் போய்விடும், காற்றோட்டமே இராது. நூறு டிகிரிக்கு மேல் மாதக்கணக்கில் காய்கிற மரம் மெல்லக் கருகும். கருகக் கருக, தீப்பிடிக்கும் வெப்பநிலையும் இறங்கிக்கொண்டே வரும். கண்ணாடிக்கும் மரத்துக்கும் 40 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள்.

கடைசியாக எர்த். டிரான்ஸ்ஃபார்மர் காயில் ஒன்று உருகி அதன் இரும்பில் 280 வோல்ட் ஏறினால், மரப்பெட்டியில் அந்த இரும்பு அப்படியே நிற்கும், ஃபியூஸ் போகாது, தொட்டவர்தான் மாட்டிக்கொள்வார். உலோகத் தட்டு எர்த்தாகி இருந்தால் அந்தக் கணமே ஃபியூஸ் போகும். இந்த ஒரு காரணமே போதும்.

தக்கலை_தச்சு:
மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அயினி நல்ல தேர்வு. பலா, தேக்கு இரண்டும் கொள்ளாம். ரப்பர் மரம் போராக்ஸ், போரிக் அமிலம் ஏற்றிப் பதப்படுத்திய பலகையாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பச்சையாக அறுத்ததில் நீலப் பூஞ்சையும் வண்டும் கட்டாயம் வரும்.

ஒரே அகலப் பலகையை மேல்தட்டாக வைப்பது எப்படியும் தப்பு. மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும். 250 மி.மீ. அகலப் பலகை பங்குனிக்கும் கார்த்திகைக்கும் இடையில் 2 மி.மீ. வரை மாறலாம். அதில் இறுக்கிய டிரான்ஸ்ஃபார்மர் போல்ட் தளரும், அல்லது பலகை வெடிக்கும். நாலு சட்டமாகச் செய்தால் நாலுக்கும் நார் நீளவாக்கிலேயே ஓடும், நடுத் துவாரத்தின் அளவு மாறாது. சட்டம் 80 மி.மீ. உயரம், உள்பக்க மேல்விளிம்பில் 8 மி.மீ. அகலத்துக்குத் தட்டின் கனத்தளவு படி எடுத்து, தட்டை அதில் இறக்குங்கள். மேலே அலுமினியம் தெரிவது பிடிக்கவில்லை என்றால் கறுப்பு பவுடர் கோட்டிங் கொடுத்துவிடலாம். எர்த் போல்ட், டிரான்ஸ்ஃபார்மர், வால்யூம் கன்ட்ரோல் தட்டைத் தொடுகிற இடங்களில் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும்.

மூலை 45 பாகையில் சாய்த்துச் சேர்ப்பது பார்க்க அழகு, ஆனால் வெறும் பசையில் நிற்காது. உள்ளே முக்கோணக் கட்டை வைத்து ஒட்டித் திருகுங்கள். பல்லோடு பல் கோர்த்த மூட்டு என்றால் கட்டையே வேண்டாம். திருகாணி எல்லாம் ஸ்டெயின்லெஸ். இரும்பு போட்டால் தேக்கில் கறுப்புக் கறை இறங்கும், கடலோரத்தில் இரண்டு வருடத்தில் தலையே உதிரும். பாலிஷ் வெளியே மட்டும் அடிப்பது பலரும் செய்கிற காரியம். உள்பக்கமும் அதே எண்ணிக்கையில் பூச்சு வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து வளையும்.

பின்பக்கக் காற்றுவழிக்கு ஒரு யோசனை: பத்மநாபபுரம் அரண்மனைச் சாளரங்களில் உள்ளது போல மெல்லிய சாய்வுப் பட்டிகள். சூடும் வெளியேறும், உள்ளே விரலும் போகாது.

இரணியல்_இசை:
நன்றி அண்ணாச்சி, சட்ட யோசனையை எடுத்துக்கொள்கிறேன். தட்டுக்கு அலுமினியத்துக்குப் பதில் ஹைலம் சீட் (பேக்கலைட் மாதிரி கெட்டிப் பலகை) போட்டு, உள்ளே முழுக்கச் செம்புத் தகடு ஒட்டினால் ஹம் என்கிற உறுமலும் வராது, எர்த்தும் ஆச்சு அல்லவா?

வடசேரி_வால்வு:
பாதி சரி. ஹைலம் சூட்டையும் ஈரத்தையும் தாங்கும், மரத்தைவிட எவ்வளவோ மேல். செம்புத் தகட்டை எர்த் செய்தால் கரண்ட் வயரின் மின்புலம் கிரிட்டுக்குள் நுழையாது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைச் செம்பும் தடுக்காது, அலுமினியமும் தடுக்காது. அதற்குத் தூரமும் திசையும்தான் மருந்து. மேலும், ஹைலத்தில் பொருத்திய ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மர் இரும்புக்கும், வால்யூம் கன்ட்ரோல் உடலுக்கும் தனித்தனியாக எர்த் வயர் இழுக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் ஆபத்து. 3 மி.மீ. அலுமினியத்தில் இந்த வேலை தானாகவே முடிந்துவிடும். 2 மி.மீ. வேண்டாம், மொத்த எடை 5 கிலோவைத் தாண்டும், நடுவில் தொய்யும். 2 மி.மீ. தான் கையில் இருக்கிறது என்றால் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் குறுக்கே ஒரு மரக்கட்டை கொடுங்கள்.

திசையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தட்டில் ஓட்டை போடும் முன்பே செய்ய வேண்டியது இது. பவர் டிரான்ஸ்ஃபார்மரை மேசையில் வைத்து பிரைமரிக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள், செகண்டரி முனைகளை டேப் சுற்றி மூடிவிடுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் 8 ஓம் முனையில் ஹெட்போனை மாட்டி, அதை இடம் மாற்றி, திருப்பிப் பாருங்கள். ஹம் கூடுவதும் குறைவதும் காதில் தெளிவாகக் கேட்கும். பெரும்பாலும் இரண்டின் காயில் அச்சும் 90 பாகையில் இருக்கும்போது ஹம் அடங்கும். அந்த நிலையைப் பென்சிலால் வரைந்துவிட்டுத்தான் துளை. இடைவெளி 150 மி.மீ. கிடைத்தால் நல்லது. சோக்கையும் இதே மாதிரி பார்க்க வேண்டும்.

மார்த்தாண்டம்_காயில்:
டிரான்ஸ்ஃபார்மர் கட்டக் கொடுக்கும்போது வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். கணக்கு இதோ.

பவர் டிரான்ஸ்ஃபார்மர்: இரண்டு சேனலுக்கும் டி.சி. 110 மில்லி ஆம்பியர். பிரிட்ஜும் கண்டன்சரும் போடும்போது ஏ.சி. பக்கம் அதைப்போல் 1.8 மடங்கு, அதாவது 200 மில்லி ஆம்பியர். 210 வோல்ட் 200 மில்லி, 6.3 வோல்ட் 3 ஆம்பியர், மொத்தம் 60 வாட் சொச்சம். 75 வாட் கோர் போடுங்கள். ஈ வடிவ இரும்புத் துண்டின் நடுக்கால் 32 மி.மீ., அடுக்கு 32 மி.மீ., வோல்ட்டுக்கு 4.5 சுற்று. இன்வெர்ட்டர் கடைகளில் வழக்கமாகச் சுற்றைக் குறைத்துக் கட்டுவார்கள். அதில் இரும்பு நிறைவுநிலைக்கு அருகே ஓடி, சிதறும் காந்தப்புலம் கூடும். மரப்பெட்டிக்கு அது ஆகாது. பிரைமரி 1035 சுற்று 27 கேஜ் (கம்பியின் கன எண்), ஹெச்.டி. என்கிற உயர் வோல்ட் காயில் 990 சுற்று 30 கேஜ், ஹீட்டர் 30 சுற்று 18 கேஜ். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே ஒரு சுற்று செம்புத் தகடு, ஒரு முனையை எர்த்துக்கு எடுங்கள். தகட்டின் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொடவே கூடாது, நடுவில் காகிதம் வேண்டும். தொட்டால் அது ஷார்ட்டான ஒரு சுற்றாகி, போட்ட கையோடு டிரான்ஸ்ஃபார்மர் புகையும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்: 5 கே பிரைமரி, 8 ஓம் செகண்டரி. சுற்று விகிதம் 25க்கு 1. நடுக்கால் 25 மி.மீ., அடுக்கு 32 மி.மீ. பிரைமரி 2500 சுற்று, 36 கேஜ். அதை ஒரே கட்டாகச் சுற்றினால் மேல்ஸ்தாயி செத்துவிடும். 625 பிரைமரி, 100 செகண்டரி, 1250 பிரைமரி, 100 செகண்டரி, 625 பிரைமரி என்று மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். பிரைமரி மூன்றும் தொடரில், செகண்டரி இரண்டும் இணையாக, 24 கேஜ். இணையாகச் சேர்ப்பதால் இரண்டிலும் சுற்று சரியாக 100 இருந்தாக வேண்டும். ஒன்றிரண்டு கூடினால் தங்களுக்குள்ளேயே கரண்ட் ஓடிச் சுடும். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே மைலார்.

முக்கியமானது காற்றிடைவெளி. சிங்கிள் எண்டட் என்பதால் டி.சி. எப்போதும் ஓடும். பவர் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஈ, ஐ துண்டுகளை மாறி மாறிக் கோர்த்தால் இரும்பு டி.சி.யிலேயே நிரம்பி, கீழ்ஸ்தாயி காணாமல் போகும். ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறுபக்கம், நடுவே 0.12 மி.மீ. காகிதம். காந்தப்பாதை அந்த இடைவெளியை இரண்டு தடவை கடப்பதால் மொத்தம் 0.25 மி.மீ. ஆகும். பிரைமரி இண்டக்டன்ஸ் 20 ஹென்றி பக்கம் வரும், காயில் தடை 235 ஓம் பக்கம் காட்டும். அதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டினால் சுற்றிலோ கேஜிலோ தவறு.

குளச்சல்_கடற்கரை:
சோக் தனியாகக் கட்ட வேண்டாம் என்றால், 40 வாட் டியூப்லைட்டின் பழைய செம்புக் காயில் சோக் இரண்டைத் தொடரில் போடலாம். ஒன்று 1.2 ஹென்றி அளவுக்கு வரும். பின்னால் 220 மைக்ரோ கண்டன்சர். எல்.இ.டி. வந்த பிறகு பழைய சாமான் கடையில் இவை கிடைக்கின்றன. எலக்ட்ரானிக் சோக் உதவாது. கனமான, நீளமான இரும்புச் சோக்காகப் பாருங்கள். உடலை எர்த் செய்ய மறக்கக் கூடாது.

கடல்காற்று அடிக்கிற ஊர்களுக்கு இன்னொன்று. வால்வு சாக்கெட் பீங்கானாக, பின் தங்க முலாமாக இருந்தால் பச்சைக்களிம்பு பிடிக்காது. அடிப்பக்கத்தை வெறுமனே திறந்து விடாமல் துளையிட்ட அலுமினியத் தகட்டால் மூடி, கால் 15 மி.மீ. உயரம் வையுங்கள். துளை 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பல்லி சூட்டைத் தேடி உள்ளே வரும். 280 வோல்ட்டில் அது குறுக்கே விழுந்தால் பல்லியும் போகும், ரெசிஸ்டரும் போகும்.

இரணியல்_இசை:
அருமை அண்ணாச்சி. கண்டன்சர் 350 வோல்ட் 100 மைக்ரோ கையில் இருக்கிறது. ஹெச்.டி. 280 தானே, போதாதா?

வடசேரி_வால்வு:
போதாது. 280 என்பது வால்வு சூடாகிக் கரண்ட் இழுக்கும்போதுதான். டையோடு உடனே வேலை செய்யும், வால்வு சூடாக அரை நிமிடம் ஆகும். அந்த நேரம் லோடு கிடையாது: 210 என்று எழுதிய செகண்டரி 225 கொடுக்கும். ராத்திரி லைன் 250க்கு ஏறியிருந்தால் அதுவே 245 ஆகும். 1.414ஆல் பெருக்கினால் 346 வோல்ட். எல்லா ஹெச்.டி. கண்டன்சரும் 450 வோல்ட்டாக வாங்குங்கள்.

இனி வயரிங். பிரிட்ஜுக்கு 1என்4007 நாலு. பிறகு 100 மைக்ரோ, சோக், 100 மைக்ரோ. அங்கிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்கிரீனும். அதற்குப் பின் 10 கே 1 வாட், 47 மைக்ரோ, அங்கிருந்து இ.சி.சி. 83க்கு. இ.சி.சி. 83 ஒவ்வொரு பாதிக்கும் பிளேட்டில் 100 கே, கேத்தோடில் 1.5 கே, பைபாஸ் கண்டன்சர் வேண்டாம். அதன் பிளேட்டிலிருந்து இ.எல். 84 கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டன்சர் 0.1 மைக்ரோ 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன். பழைய ரேடியோவிலிருந்து எடுத்த காகிதக் கண்டன்சரை இந்த இடத்தில் போடவே கூடாது. மரத்துக்குச் சொன்ன அதே கசிவுக் கணக்கு இதற்கும் பொருந்தும். இ.எல். 84: பின் 2 கிரிட், அதன் மேலேயே 2.2 கே, பின் 3 கேத்தோடு, 150 ஓம் 2 வாட், இணையாக 220 மைக்ரோ 25 வோல்ட், பின் 7 பிளேட், பின் 9 ஸ்கிரீன், 220 ஓம் வழியாக. பின் 1, 6, 8 மூன்றையும் காலியாக விடுங்கள். உள்ளே அவை எதோடாவது இணைந்திருக்கலாம், வயர் சேர்க்கும் டேக் மாதிரி பயன்படுத்தினால் சிக்கல்.

ஹீட்டர் வயரை இறுக்கமாக முறுக்கித் தட்டின் மூலையோடு ஒட்டி ஓட்டுங்கள். 6.3 வோல்ட்டின் இரு முனையிலிருந்தும் 100 ஓம் எடுத்துச் சேர்த்து, அந்த நடுப்புள்ளியை கிரவுண்டில் வைக்காமல் 40 வோல்ட்டுக்கு உயர்த்தினால் ஹம் இன்னும் குறையும். அந்த 40 வோல்ட்டை எடுக்க, முதல் கண்டன்சரிலிருந்து 270 கே 1 வாட், கீழே கிரவுண்டுக்கு 47 கே, அதற்கு இணையாக 10 மைக்ரோ 100 வோல்ட். ஆஃப் செய்த பிறகு கண்டன்சரைக் காலியாக்கவும் இதே ரெசிஸ்டர்கள் உதவும். ஆனாலும் இரண்டு நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கை.

கிரவுண்டுக்குத் தடித்த செம்புக் கம்பி ஒன்றை நீளவாக்கில் போடுங்கள்: ஒரு முனையில் முதல் கண்டன்சர், பிறகு இ.எல். 84 கேத்தோடுகள், பிறகு இ.சி.சி. 83, கடைசியில் இன்புட். பிரிட்ஜின் நெகட்டிவ் நேராக முதல் கண்டன்சரின் காலுக்குத்தான் வர வேண்டும், கம்பியின் நடுவில் சேரக் கூடாது. சேர்ந்தால் 100 ஹெர்ட்ஸ் முறுமுறுப்பு. இன்புட் ஜாக் தட்டைத் தொடாத வகையாக வாங்குங்கள். கம்பி தட்டோடு சேர்வது இன்புட் பக்கம் ஒரே இடத்தில். மூன்று பின் கார்டின் பச்சை வயருக்குத் தட்டில் தனி போல்ட், பல் வாஷரோடு. அந்த போல்ட்டில் வேறு எதுவும் மாட்டக் கூடாது. பிரைமரியில் அரை ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ்.

மார்த்தாண்டம்_காயில்:
அண்ணாச்சி சொன்னதோடு ஃபீட்பேக்கையும் (அவுட்புட்டில் கொஞ்சத்தை முன்னால் திருப்பிக் கொடுப்பது) சேர்த்துக்கொள்ளுங்கள். 8 ஓம் முனையிலிருந்து இ.சி.சி. 83 கேத்தோடுக்கு 22 கே, செகண்டரியின் மறுமுனை கிரவுண்டில். இது 10 டெசிபெல் அளவு. முழு பவருக்கு இன்புட்டில் 0.6 வோல்ட் போதும். முதல் தடவை இந்த 22 கே இல்லாமலே ஓட்டிப் பாருங்கள். பிறகு சேர்க்கும்போது ஊளையிட்டால் ஃபேஸ் தலைகீழ். செகண்டரி முனை இரண்டையும் மாற்றுங்கள், சரியாகிவிடும். ஊளை இல்லாமல் வால்வு மட்டும் அதிகம் சுடுகிறது, ஒலி கரகரக்கிறது என்றால் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வு. 22 கேக்கு இணையாக 220 பிகோ ஃபேரட்டில் தொடங்கிப் பாருங்கள்.

வால்வுக்கு, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த பழைய இ.எல். 84 கிடைத்தால் விடாதீர்கள். ரஷ்ய 6பி14பி அப்படியே பொருந்தும், அதுவும் நல்லது.

இரணியல்_இசை:
முதல் தடவை சுவிட்ச் போடும் வரிசையையும் சொல்லிவிட்டால் வேலையைத் தொடங்கிவிடுவேன்.

வடசேரி_வால்வு:
கரண்ட் வழியில் 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போடுங்கள். வால்வு எதுவும் மாட்டாமல் முதலில். பல்பு ஒரு நொடி மின்னி அணைய வேண்டும். முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். ஹீட்டர் பின்களில் ஏ.சி. 6.3ஐ விடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், லோடு இல்லாததால்.

ஆஃப் செய்து, கண்டன்சர் காலியானதும் வால்வு மாட்டுங்கள். ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் இரண்டு. லோடு இல்லாமல் சிக்னல் கொடுத்தால் பிரைமரியில் வோல்ட்டேஜ் எகிறிக் காயிலுக்குள்ளேயே பொறி பறக்கும். எல்லாம் சூடானதும் பல்பை எடுத்துவிட்டு அளவு பாருங்கள். பிரிட்ஜுக்குப் பின் 280 பக்கம், சோக்குக்குப் பின் 265 பக்கம், இ.எல். 84 பிளேட் 255, கேத்தோடு 7.5. கேத்தோடு 7.5 என்றால் 150 ஓமில் 50 மில்லி ஆம்பியர். ஸ்கிரீனுக்கு 5 போக, பிளேட்டில் 45. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 247 வோல்ட், பெருக்கினால் 11 வாட். உச்ச வரம்பு 12. இ.சி.சி. 83 பிளேட் 155 முதல் 175, கேத்தோடு 1.3 பக்கம்.

கேத்தோடு 9 வோல்ட்டைத் தாண்டினால் உடனே ஆஃப். பிறகு வால்வைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பின் 2இல் டி.சி. பாருங்கள். அங்கே பூஜ்யத்துக்கு மேல் எது காட்டினாலும் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது. பூஜ்யமே காட்டினால் வால்வில்தான் கோளாறு.

தக்கலை_தச்சு:
தம்பி, தட்டைச் சட்டத்தில் இறுக்கும்போது துளையை திருகாணியைவிட 1 மி.மீ. பெரிதாகப் போட்டு வாஷர் வையுங்கள். பாலிஷ் அடித்து ஒரு வாரமாவது காய்ந்த பிறகே தட்டை இறக்குங்கள். ஈரப் பாலிஷில் சூடு பட்டால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பழுது பார்க்கத் திறக்க முடியாது.